திணறும் இன்ஜின்: பாகத்தை மாற்றுவதா, கோளாறு கோட் படிப்பதா, லைவ் டேட்டா பார்ப்பதா?

ஐட்லிங்கில் சீராக ஓடும் பெட்ரோல் கார், ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் திணறி, அப்புறம்தான் இழுக்கிறதா? காற்று, பெட்ரோல், தீப்பொறி இவற்றில் ஏதோ ஒன்று சரியாக வரவில்லை என்று அர்த்தம்.

பலரும் முதலில் செய்வது, சந்தேகப்பட்ட பாகத்தை மாற்றுவது. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் இரண்டுக்கும் மாற்றும் கெடு வந்திருந்தால் தாராளமாக மாற்றலாம். தேய்ந்த பிளக்கில் இடைவெளி அகன்றுவிடும். மிதிக்கும்போது சிலிண்டரில் அழுத்தம் ஏறுவதால் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் தேவை, அங்கேதான் தடுமாறும். ஆனால் உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரையும் ஃபியூயல் பம்பையும் ஊகத்தில் வாங்குவது வீண் செலவு.

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறு எண்ணை (கோட்) காட்டும் மலிவான கோட் ரீடர் இதைவிடத் தேவலாம். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் சரியாக எரியாமல் தவறுவது) கோட் என்றால் நல்ல உதவி: பி0302 வந்தால் இரண்டாம் சிலிண்டரின் காயிலை (பிளக்குக்கு வோல்டேஜ் தரும் பாகம்) மூன்றாவதில் போட்டுப் பாருங்கள். கோட் பி0303 என மாறினால் காயில்தான் குற்றவாளி. பி0171 வந்தால்தான் சிக்கல். கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. அதைப் பார்த்து, புகையை அளந்து அந்தத் தகவலைத் தந்த ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது, சேதி கொண்டுவந்தவனைத் தண்டிப்பது போல. தவிர, திணறல் இருந்தும் செக் இன்ஜின் விளக்கு எரியாத வண்டிகள் நிறைய.

என் ஓட்டு லைவ் டேட்டா, அதாவது இன்ஜின் ஓடும்போதே சென்சார் அளவுகளைக் காட்டும் ஸ்கேனருக்கே. அதில் ஃபியூயல் ட்ரிம்மை, அதாவது கலவையைச் சரிசெய்யக் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (+) அல்லது குறைக்கிறது (-) என்பதைப் பாருங்கள். பொதுவாக ±10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐட்லிங்கில் +20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்ஜியத்தை நெருங்கினால் வேக்யூம் ஹோஸ் கசிவைத் தேடுங்கள். இன்ஜின் குறைவாகக் காற்று இழுக்கும் நேரத்தில்தான் கசிவின் பங்கு பெரிதாகத் தெரியும். மாறாக, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு, அல்லது பம்ப், ஃபில்டர் தளர்ச்சி. முதலில் சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் சுத்தம் செய்யுங்கள். பிரேக் கிளீனர் அதைக் கெடுத்துவிடும்.

அதற்கும் சரியாகாவிட்டால் ஃபியூயல் பிரஷர் கேஜ். பம்பை வாங்கும் முன் இந்தச் சோதனை கட்டாயம். ஆனால் நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டியின் உயர் அழுத்தக் குழாயில் தயவுசெய்து நீங்களே கை வைக்காதீர்கள், ஆபத்து.

டீசலுக்கு இந்த ட்ரிம் கணக்கு ஒத்துவராது. அங்கே டர்போ ஹோஸ், புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு, டீசல் ஃபில்டர் மூன்றையும் முதலில் பாருங்கள்.