முதுகுவலிக்குச் சீன ஊசி வைத்தியம்: சுங்கை சிப்புட்டில் என் அனுபவம்

செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் லாரியைப் பல வருஷம் ஓட்டியவன் நான். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களின் மண் பாதையில் குலுங்கியே இடுப்பு விட்டுப்போனது. வலி இடது கால்வரை இறங்கியது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஈப்போ டாக்டர், இடுப்புத் தண்டுவட எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பைத் தொடுகிறது, அறுவை வேண்டாம், மாத்திரையும் பயிற்சியும் போதும் என்றார். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பயிற்சிக்காகக் காலைத் தூக்கினாலே உயிர் போனது. அந்த நிலையில்தான் பட்டணத்துச் சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், போக ஆரம்பித்தேன். இப்போது மூன்றாவது வருஷம் நடக்கிறது.

எல்லாரும் முதலில் கேட்பது, குத்தினால் வலிக்குமா என்றுதான். இது மருந்து ஏற்றும் ஊசி இல்லை. துளையே இல்லாத, கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி. ஒருவருக்குப் போட்டதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. எங்கள் சின்சே உறையை என் கண் முன்னால்தான் பிரிப்பார். குப்புறப் படுக்கவைத்து முதுகெலும்பின் இரண்டு பக்கமும், புட்டத்திலும், முழங்காலின் பின் மடிப்பிலும் குத்துவார். அந்த மடிப்பில் உள்ள புள்ளிக்கு வெய்சோங் என்று பெயர், இடுப்புவலிக்கு முக்கியமான புள்ளி. குத்தும்போது கொசுக்கடி அளவுதான். அப்புறம் ஊசியை லேசாகத் திருகிக்கொண்டே "சாக்கிட்?" என்பார், மலாயில் வலிக்கிறதா என்று அர்த்தம். இல்லை என்று தலையாட்டினால், "பெராட்?" என்பார், கனமாக இருக்கிறதா என்று. ஆமாம், கனம்தான். உள்ளே ஆழத்தில் ஒரு கனம் கட்டி, தொடை வழியாக மெல்ல இறங்கும். இந்த உணர்வைத்தான் தெ சீ என்கிறார்கள். அது வந்தால்தான் அவருக்குத் திருப்தி. பிறகு இருபது நிமிடம் போல அசையாமல் கிடக்க வேண்டும். மழைக்காலத்தில், நம் மாசிபத்திரிக்கு உறவான ஒரு செடியின் இலைத் திரியைக் கொளுத்தி, தோலில் படாமல் சூடு காட்டுவார். எனக்கு அது ஊசியைவிட இதமாக இருக்கும்.

முதலில் திரும்பி வந்தது தூக்கம். வாராவாரம் விடாமல் போன பிறகுதான் காலுக்கு இறங்கும் வலி குறைந்தது. இடையில் நிறுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பவும் வந்தது. பிதுங்கிய வட்டை ஊசி உள்ளே தள்ளிவிடாது. வலியை அடக்கி எனக்கு அவகாசம் கொடுத்தது, அந்த அவகாசத்தில் டாக்டர் சொன்ன பயிற்சிகளைச் செய்தேன். நான் நிமிர்ந்து நடப்பதில் பாதிக்கு மேல் பயிற்சியின் பங்கு என்றே நினைக்கிறேன். ஆனால் ஊசி இல்லாமல் அந்தப் பயிற்சியைத் தொடங்கியே இருக்க மாட்டேன்.

2007இல் ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. முறையான ஊசி போட்டவர்களில் 47.6 விழுக்காட்டினருக்கும், புள்ளி தவறி மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 விழுக்காட்டினருக்கும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 விழுக்காட்டினருக்கும் பலன் தெரிந்தது. புள்ளி தவறினாலும் கிட்டத்தட்ட அதே பலன் என்பது என்னை யோசிக்க வைத்தது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி 2016இல் முதுகுவலிக்கு இதைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் முயன்று பார்க்கலாம் என்றது. வலி குறைந்தது என் உடம்பு கண்ட உண்மை. காரணம் பற்றி அடித்துப் பேச மாட்டேன்.

கஷாயமும் குடித்தேன். துஹுவோ ஜிஷெங் தாங் என்று 7ஆம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் எழுதிவைத்த கலவை. அதில் சேரும் துசோங் பட்டையை ஒடித்தால் வெள்ளி நூலாக இழுபடும், அதுவும் ஒருவகை ரப்பர்தான். பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளையான எனக்கு அதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. ஆனால் கஷாயத்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

மருந்து விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், கவனமாக இருங்கள். என் மச்சான் லேபிள் இல்லாத மாத்திரையை எங்கோ வாங்கித் தின்றார். வலி உடனே பறந்தது, சில மாதத்தில் முகம் உப்பிவிட்டது. ஸ்டெராய்டு கலப்பாக இருக்கும் என்றார் டாக்டர். டப்பாவில் "மால்" (MAL) என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண் இல்லாவிட்டால் தொடாதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் சின்சேயிடமும் டாக்டரிடமும் அதைச் சொல்லியே ஆக வேண்டும். கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ ஊசிக்குப் போகவே கூடாது. நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எங்கள் பக்கம் ஒரு முறைக்கு 60, 70 வெள்ளி (ரிங்கிட்) ஆகிறது. தோட்டச் சம்பளத்தில் இதை மாதக்கணக்கில் கொடுப்பது லேசில்லை. 2007இல் கெப்பாலா பத்தாஸில் தொடங்கி, சில அரசாங்க மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு இருக்கிறது. நாள்பட்ட வலிக்கு அங்கேயும் ஊசி போடுகிறார்கள். கிளினிக் டாக்டரிடம் முதலில் அதற்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பாருங்கள். வெளியில் போவதானால், 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய மருத்துவச் சட்டப்படி பதிவு செய்தவரா என்று சின்சேயிடம் தயங்காமல் கேளுங்கள்.