நகரமண்டபமா, கடற்கரை விடுதியா, வீட்டு வளவா?

திருகோணமலையில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அறைக்குள் கணினியில் தாளம் அமைத்து ராப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் சினிமாப் பாடல் வாசித்துவிட்டு வந்து தமக்கென்று மெட்டமைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இல்லாதது மேடை மட்டுமே. அனுசரணையாளருக்காகக் காத்திராமல் நாமே ஒரு மாலை நிகழ்ச்சி நடத்துவதென்று கூடிப் பேசினால், மூன்று இடங்கள்தான் அடிபடுகின்றன: நகரமண்டபம், உப்புவெளிப் பக்கத்துக் கடற்கரை விடுதி, யாராவது ஒருவரின் வீட்டு வளவு. முதல் நிகழ்ச்சிக்கு வளவுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

கடற்கரை பார்க்க அழகு. ஆனால் மழையில்லாத மே முதல் செப்டெம்பர் வரையான காலம்தான் விடுதிகளுக்கும் வருமானக் காலம். வந்திருக்கும் விருந்தினர் கேட்டுப் பழகிய பாட்டைத்தான் அவர்கள் விரும்புவார்கள்; நம் பிள்ளையின் புதுப்பாட்டுக்கு அங்கே இரண்டாம் இடம்தான். அந்த மாதங்களில் வீசும் தென்மேற்குக் கச்சான் காற்று மைக்கில் இரையும், மணல் ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவிக்குள் இறங்கும். மதுபானம் விற்கும் இடமென்றால் பதினாறு வயதுப் பெண்பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள்? அந்தப் பிள்ளை வர முடியாத நிகழ்ச்சியை ஊர் நிகழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நகரமண்டபத்தின் பலம் கூரை. கதிரை, கழிப்பறை, மேடை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிறவர்கள் பஸ்ஸில் இறங்கித் தேடி அலையவேண்டியதில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மாலையில் வந்து திரும்புவது எவ்வளவோ எளிதாகிவிட்டது. அவர்களை விட்டுவிட்டு இந்த ஊரின் இசை என்று எதைச் சொல்வது? ஆனால் மண்டபத்துக்கு வாடகை உண்டு, வாடகைக்காக டிக்கெட் அடிக்க வேண்டிவரும், டிக்கெட் அடித்தால் 1946ஆம் ஆண்டின் களியாட்ட வரிச் சட்டம் குறுக்கே வரும். விற்பனைக்கு முன்பே உள்ளூராட்சி சபையோடு பேசி வரி விடயத்தை முடித்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நூற்றுக்கணக்கானோர் அமரும் மண்டபத்தில் அறுபது பேர் சிதறி உட்கார்ந்திருந்தால், முதல்முறை பாடவரும் பிள்ளையின் குரல் அங்கேயே உடைந்துவிடும். வெறுஞ்சுவரில் டிரம் ஓசை மோதித் திரும்பி வரிகளையும் விழுங்கிவிடும். புதுப்பாட்டுக்கு வரிகள் கேட்காவிட்டால் பிறகு என்ன இருக்கிறது?

வளவில் அதே அறுபது பேர் நிறைந்த கூட்டம். மாமர நிழல், வீட்டுக்காரரின் தேநீர், வாசலில் ஓர் உண்டியல் போதும். பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே நான்கடி தூரம்கூட இருக்காது. சிக்கல் மின்சாரத்தில்தான். வழக்கமான வீட்டு இணைப்பு 30 அம்பியர், 230 வோல்ட். ஏறத்தாழ 7 கிலோவாட். இரண்டு ஸ்பீக்கர், கிட்டார் ஒலியைப் பெருக்கும் அம்ப், சில எல்.ஈ.டி. விளக்குகளுக்கு அது தாராளம். ஆனால் எல்லாவற்றையும் சமையலறையின் ஒரே பிளக்கிலிருந்து நீட்டு வயரில் இழுக்கக்கூடாது. கிணற்று மோட்டாரைக் கட்டாயம் நிறுத்திவையுங்கள். அது கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து, டிஜிட்டல் மிக்சர் பாட்டின் நடுவே அணைந்துவிடலாம். டிரம் செட்டையும் கிட்டார் அம்ப்பையும் எல்லாக் குழுக்களும் பகிர்ந்துகொண்டால் வாடகையும் குறையும், மாற்றி மாற்றிப் பூட்டும் நேரமும் மிஞ்சும்.

சொந்த வளவுதானே என்று ஒலிபெருக்கி அனுமதியை விட்டுவிட வேண்டாம். இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எப்படியும் நமக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்கி, மாலைத் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் வாங்குக்கு நிறுத்தி, எல்லோரும் தேநீர் குடித்துவிட்டு மறுபடி பாடி எட்டு மணிக்கு முடிக்கலாம். தூரத்துப் பிள்ளைகள் வீடு திரும்ப வாகனத்தை முன்கூட்டியே பேசிவையுங்கள். அயல் வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள், சொல்லும்போதே வரவும் அழையுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை அடுத்த வீட்டில் இருந்தால் திகதியை மாற்றுவதுதான் மரியாதை. சாப்பாட்டுப் பொலித்தீனை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கட்டிவிடுங்கள். நம் தெருக்களில் திரியும் புள்ளிமான்கள் அதைத் தின்று சாகின்றன.

நவம்பர் முதல் ஜனவரி வரை மழை வளவை நம்பவிடாது. அப்போது மண்டபம்தான். அங்கேயும் மேடையை விட்டுவிடுங்கள். கீழே தரையில் குழுவை நிறுத்தி, கதிரைகளை அரைவட்டமாக நெருக்கிப் போட்டு, பின்சுவரில் கனத்த திரைத்துணி தொங்கவிட்டால் வரிகள் ஓரளவு தெளிவாகவே கேட்கும்.