கொரோலா 110 காரின் ரைமிங் பெல்ற்: வன்னி வீதிகளில் பெற்ற நீண்டகால அனுபவம்

கொரோலா 110 காரின் 1498 சீசீ பெற்றோல் இயந்திரத்தில் கிரான்க் தண்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுக்குக் கடத்தும் பல்லுள்ள இறப்பர்ப் பட்டியான ரைமிங் பெல்ற்றை ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பது பொதுவான கணக்கு. இலங்கையின் வடக்கே வன்னியில் ஏ9 வீதியிலும், அதைவிட அதிகமாக ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் கிரவல் பாதைகளிலும் இந்தக் காரைப் பல ஆண்டுகளாக ஓடி வருபவன் என்ற முறையில், அந்தக் கணக்கு எங்கள் பகுதிக்குப் பொருந்தாது என்றே கருதுகிறேன். பல கை மாறி வந்த காரில் மீற்றர் காட்டும் தூரத்தை நம்ப முடியாது. கார் ஓடாமல் நின்றாலும் இறப்பர் வெக்கையில் முதிர்ந்துகொண்டேயிருக்கும்.

கார் வாங்கிய கையோடு புதுப் பெல்ற் போட்டேன். ஆறேழு ஆண்டுகளின் பின், குறித்த தூரத்தை எட்ட இன்னும் நிறைய இருக்கும்போதே, கிளிநொச்சியில் ஒரு கராச்சில் அதைக் கழற்றினோம். மேலோட்டமான பார்வைக்கு அது நன்றாகவே இருந்தது. பற்கள் வெளிப்பக்கம் வரும்படி மடித்துப் பார்த்தபோதுதான், அவற்றின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. பெல்ற்றை மறைக்கும் கீழ் மூடிக்குள் கிரவல் தூசி, கிரான்க் சீலில் (தண்டைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் வளையம்) கசிந்த ஒயிலோடு குழைந்து அப்பிக் கிடந்தது. ஒயில் பட்ட இறப்பர் ஊறிப் பலமிழக்கும் என்பதால், கிரான்க், கேம் ஆகிய இரண்டு ஒயில் சீல்களையும், பெல்ற்றை இழுத்துப் பிடிக்கும் ஐட்லர் பெயரிங்கையும் பெல்ற்றோடு சேர்த்தே மாற்றிவிட வேண்டும். வாட்டர் பம்ப் இந்த இயந்திரத்தில் வெளிப் பெல்ற்றில் ஓடுவதால், கசிவு இல்லையென்றால் அதில் கை வைக்கத் தேவையில்லை.

கழற்றும்போது இயந்திரத்தை ஜக்கில் தாங்கி, அதைத் தாங்கிப் பிடிக்கும் வலப்பக்க மவுண்டிங்கை எடுக்க வேண்டியிருக்கும். பூட்டும் வேலையில்தான் பொறுமை தேவை. போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் வாகனங்களை ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்த அந்த மெக்கானிக், கிரான்க் புளியின் (பெல்ற் ஓடும் சக்கரம்) வெட்டைப் பூச்சியக் குறிக்கு நேராக வைத்துவிட்டு, கேம் புளியிலுள்ள சிறு துளைக்கூடாக ரோர்ச் அடித்து, பின்னாலுள்ள பெயரிங் மூடியின் குறி அதன் நடுவில் தெரிகிறதா என்று பார்த்தார். "தம்பி, ஒரு பல்லு மாறினாலும் வண்டி இழுக்காது," என்று சொல்லி, பெல்ற்றைப் போட்டு, ஐட்லரைச் சுருள்வில்லின் இழுவைக்கு விட்டு, கிரான்க்கைக் கையால் வலஞ்சுழியாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மீண்டும் நேர்படுவதைக் கண்ட பிறகே ஐட்லர் போல்ற்றை இறுக்கினார். கிரான்க் போல்ற்றுக்குரிய இறுக்கம் 118 நியூற்றன் மீற்றர். இதை, இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ரென்ச் கொண்டே இறுக்குமாறு வற்புறுத்திக் கேளுங்கள்.

இந்த இயந்திரத்தில் ஓட்டத்தில் பெல்ற் அறுந்தாலும் வால்வுகள் பிஸ்ரனில் இடிக்கமாட்டா. கார் நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனால் மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் இருபுறமும் காடாக இருக்கும் இடத்தில், பொழுதுபட்ட பிறகு அப்படி நிற்பது சிறிய விடயமல்ல. டீசல் கார் வைத்திருப்பவர்கள் இந்த ஆறுதலைத் தங்களுக்கும் உரியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பெல்ற் அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் இடித்து, பெரும்பாலும் இயந்திரத்தின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்.

இரண்டாவது பெல்ற் போட்ட பின் கார் சீராக ஓடுகிறது. மூடிகளின் இறப்பர் விளிம்புகள் இறுகிப்போயிருந்ததால் அவற்றையும் வவுனியாவில் தேடி வாங்கிப் போட்டேன். கடைசியாக மேல் மூடியைத் திறந்தபோது உள்ளே தூசி மிகக் குறைவாகவே இருந்தது.