24 அங்குல டூ-ஸ்டேஜ் ஸ்னோ ப்ளோயர்: நாள் கணக்கில் நீளும் பனிப்புயலுக்குத் தாங்குமா?

பனியை அள்ளி எறியும் இயந்திரம்தான் ஸ்னோ ப்ளோயர். இதன் விளம்பரங்களில் இன்ஜின் சக்தியைத்தான் பெரிதாகப் போடுவார்கள். ஆனால் இரண்டு மூன்று நாள் விடாமல் பனி கொட்டும்போது 208 சிசியா 250 சிசியா என்பது பெரிய விஷயமில்லை. ஷியர் பின் (சிக்கினால் உடைந்துவிடும் சிறு ஆணி), அடிச்சறுக்கு (வாயின் இருபக்கமும் தரையில் சறுக்கும் தகடு), ஸ்டார்ட் செய்யும் கயிறு போன்ற சில்லறைச் சாமான்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரளைப் பாதை உள்ள வீட்டுக்கு டூ-ஸ்டேஜ்தான் சரி. சிங்கிள்-ஸ்டேஜில் ரப்பர் துடுப்பு தரையைத் தொட்டபடி சுழலும். சரளையையும் அள்ளி வீசும், ஜன்னல் கண்ணாடி போகும். டூ-ஸ்டேஜில் முன்னாலுள்ள ஆகர் என்ற திருகு பனியை நொறுக்கி நடுவுக்குத் தள்ளும், பின்னாலுள்ள இம்பெல்லர் என்ற விசிறி அதைக் குழல் வழியே எறியும். ஆகர் தரையில் படாது. எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும் என்பது இருபக்க அடிச்சறுக்குகளின் கையில். தார், சிமென்ட் தரைக்கு 3 மி.மீ. போதும், சரளை என்றால் 25 மி.மீ. வரை தூக்கி வையுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

காய்ந்த பனியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி வரும்போதுதான் இதன் குணம் தெரியும். ஈரப்பனி குழலில் அப்பி அடைத்துக்கொள்ளும். த்ராட்டிலைக் குறைத்தால் இம்பெல்லர் வேகமும் குறையும், அடைப்பு இன்னும் சீக்கிரம் வரும். த்ராட்டில் முழுசாகவே இருக்கட்டும். நடையைக் கியரில் குறையுங்கள். அடைத்துவிட்டால் இன்ஜினை நிறுத்தி, எல்லாம் சுழன்று ஓய்ந்த பிறகு, கூடவே வரும் குச்சியால் மட்டும் குத்தி எடுக்க வேண்டும். இன்ஜின் நின்றாலும் பெல்ட்டில் இறுக்கம் மிச்சமிருக்கும். அடைப்பு விட்டதும் இம்பெல்லர் சட்டென்று சுழன்று விரலை எடுத்துவிடும்.

பாதையின் வாசலில் சாலைப் பனிவண்டி ஒதுக்கிவிட்டுப் போகும் மேடுதான் உண்மையான பரீட்சை. கல்லும் ஐஸ் கட்டியும் கலந்து இறுகிக் கிடக்கும். முதல் கியரில், பாதி அகலம் மட்டும் கடித்துப் போக வேண்டும். அப்படியும் ஷியர் பின் உடையும், உடையத்தான் வேண்டும்: ஆகர் எதிலாவது சிக்கினால் கியர்பாக்ஸுக்குப் பதிலாகப் பலியாவது அதுதான். கையில் கிடைத்த கெட்டியான போல்ட்டை அங்கே மாட்டினால் அடுத்த முறை கியர்பாக்ஸே போகும். ஒரு ஜோடியோ இரண்டோதான் பெட்டியில் கொடுப்பார்கள்; புயலுக்கு முன்பே அரை டஜன் வாங்கி வைப்பது நல்லது.

பெரிய குறை எலெக்ட்ரிக் ஸ்டார்ட். இந்த ரகத்தில் பெரும்பாலானவற்றுக்குச் சுவர் மின்சாரம் தேவை. கம்பி அறுந்து கரன்ட் போகும் நாளில் அது வெறும் அலங்காரம். எனவே கடையிலேயே கையுறை போட்டுக்கொண்டு கயிற்றை இழுத்துப் பாருங்கள். கடுங்குளிரில் கெட்டியான ஆயில் கயிற்றைப் பிடித்து வைக்கும்; 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஊற்றினால் இழுப்பு இலகுவாகும். பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலக்காமல் மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் கார்புரேட்டரைக் கெடுக்கும். பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

வாய் உயரம் ஏறக்குறைய 50 செ.மீ. அதற்கு மேல் காற்று குவித்த மேட்டை முதலில் மண்வாரியால் இடித்துத் தள்ள வேண்டும். புயல் ஓயட்டும் என்று காத்திருந்தால் பனி அமுங்கிக் கனத்துவிடும். 15, 20 செ.மீ. சேர்ந்ததுமே ஒரு முறை ஓட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் ஆகரைச் சில நிமிடம் வெறுமனே சுழலவிட்டால் ஒட்டியிருக்கும் ஈரம் உதிரும்; இல்லையென்றால் அடுத்த சுற்றில் எல்லாம் உறைந்து நிற்கும். இதைக் கொட்டகைக்கு வெளியே செய்யுங்கள். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கும்.

இரண்டு கார் அகலப் பாதை வரை தாராளமாக வாங்கலாம். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளப் பாதை என்றால் இதற்குச் செலவழிக்காமல் டிராக்டரில் மாட்டும் ப்ளோயரைப் பாருங்கள்.