கணிதம் வாசிக்கும் மேத்கேட்: அலகுகளை எப்படிச் சொல்கிறது?

பார்வையற்ற மாணவர்களுக்கு அறிவியல் பாடங்களை மின்வடிவில் தயாரித்துத் தருபவர்கள், ஒரு கணித வாசிப்பு மென்பொருளை மதிப்பிடும்போது பெரும்பாலும் பின்னங்களையும் வர்க்கமூலங்களையும் தொகையீடுகளையும் கொடுத்துப் பார்ப்பார்கள். நான் முதலில் கொடுத்துப் பார்ப்பது அலகுகளைத்தான். பின்னம் எங்கே முடிகிறது என்று குரல் தெளிவாகச் சொல்லாவிட்டால், ஏதோ விடுபட்டிருக்கிறது என்று கேட்பவருக்கே சந்தேகம் வந்து, திரும்பக் கேட்பார். அலகு தவறாக ஒலித்தால் அப்படி எந்தச் சந்தேகமும் எழாது. தவறான அலகோடு கணக்கு முழுவதும் நடந்து, விடை வந்த பிறகுதான் எங்கோ பிசகிவிட்டது என்று தெரியும். சில வேளைகளில் அப்போதும் தெரியாது. எனவே மேத்கேட் மென்பொருளைப் பற்றிய இந்த மதிப்புரையில், அது செய்யும் மற்ற வேலைகளைச் சுருக்கமாகக் குறிப்பிட்டுவிட்டு, அலகுகளை அது கையாளும் முறையையே விரிவாகப் பார்க்கிறேன்.

மேத்கேட், மேத்பிளேயர் என்ற பழைய மென்பொருளின் வழியில் வந்தது. மேத்பிளேயரில் பணியாற்றிய நீல் சாய்ஃபரே இதையும் உருவாக்கியிருக்கிறார். மேத்பிளேயரின் மூலநிரல் மூடப்பட்டிருந்தது. மேத்கேட் எம்ஐடி உரிமத்தின் கீழ் வரும் திறந்த மூலநிரல் மென்பொருள், ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. மேத்எம்எல் குறிமொழியில் உள்ள கணிதத்தை வாங்கி, பேச்சாகவும் பிரெய்லாகவும் மாற்றித் தருவதோடு, கோவையின் உள்ளே பகுதி பகுதியாக நகர்ந்து கேட்கவும் வழி செய்கிறது. என்விடிஏ திரைவாசிப்பானோடு சேர்த்துப் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். பேச்சு நடைகளில் கிளியர்ஸ்பீக், சிம்பிள்ஸ்பீக் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. விலை எதுவும் இல்லை.

இனி அலகுகளுக்கு வருவோம். எழுத்து எழுத்தாக வாசிக்கும் குரல் ஒன்று, மில்லிவாட்டின் குறியீட்டையும் மெகாவாட்டின் குறியீட்டையும் “எம் டபிள்யூ” என்றே சொல்லும். கண்ணால் பார்ப்பவருக்கு ஒன்றில் சிறிய எம், மற்றொன்றில் பெரிய எம் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். காதால் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றே; இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடோ நூறு கோடி மடங்கு. வினாடிக்குச் சிறிய எஸ், சீமென்ஸுக்குப் பெரிய எஸ். கெல்வினுக்குப் பெரிய கே, கிலோ என்ற முன்னொட்டுக்குச் சிறிய கே. 2022-இல் எடைகள் அளவைகளுக்கான பொது மாநாடு புதிதாகச் சேர்த்த முன்னொட்டுகளில், பெரிய க்யூ என்பது குவெட்டா, அதாவது 1-க்குப் பின்னால் 30 சுழியங்கள். சிறிய க்யூ என்பது குவெக்டோ, அதாவது அந்தப் பேரெண்ணின் தலைகீழ். லிட்டரைக் குறிக்கும் சிறிய எல்லும் எண் ஒன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன என்பதற்காக, 1979-இல் அதே மாநாடு பெரிய எல் எழுத்தையும் அனுமதித்தது. கண்ணுக்கு வரும் குழப்பத்துக்கு ஒரு பன்னாட்டு மாநாடு கூடித் தீர்வு தந்திருக்கும்போது, காதுக்கு வரும் குழப்பத்தையும் அதே அக்கறையோடு அணுக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. அந்த அக்கறை மேத்கேட்டில் இருக்கிறது. அலகு என்று தெரிவிக்கப்பட்ட குறியீட்டை அது எழுத்துக்கூட்டாமல், “மில்லிவாட்”, “மெகாவாட்” என்று பெயர் சொல்லி வாசிக்கிறது.

அலகுக் குறியீடுகளைப் பலரும் சுருக்கெழுத்துகள் என்றே நினைக்கிறார்கள். பன்னாட்டு அலகு முறையின் கையேடு அவற்றைக் கணிதக் குறிகள் என்றும், சுருக்கங்கள் அல்ல என்றும் தெளிவாகச் சொல்கிறது. அதனால்தான் அவற்றின் பின்னால் புள்ளி வைப்பதில்லை, பன்மை விகுதி சேர்ப்பதில்லை, எந்த மொழியில் எழுதினாலும் வடிவம் மாறுவதில்லை. மாறுவது வாய்விட்டுச் சொல்லும் பெயர் மட்டுமே. இந்த வேறுபாட்டை உணராத மென்பொருள்கள் சுருக்கங்களுக்கான ஓர் அகராதியை வைத்துக்கொண்டு, கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் விரித்துவிடுகின்றன. அவ்வாறு விரிப்பது, எழுத்துக்கூட்டி வாசிப்பதைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. எழுத்துக்கூட்டினால் கேட்பவர் சூழலை வைத்து ஊகிக்க முடியும். தவறான பெயரை உறுதியான குரலில் சொல்லிவிட்டால் ஊகிக்கவும் இடமில்லை.

மேத்கேட்டின் உள்ளமைப்பு இதில் நிதானமாக இருக்கிறது. முன்னொட்டுகளுக்கு ஓர் அட்டவணை, முன்னொட்டு ஏற்கும் அலகுகளுக்கு ஓர் அட்டவணை, முன்னொட்டு ஏற்காதவற்றுக்கு வேறொன்று, அடி, அங்குலம் போன்ற ஆங்கிலேய முறை அலகுகளுக்குத் தனியாக ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்பதை இப்படிப் பார்க்கலாம்: எந்த முன்னொட்டையும் எந்த அலகோடும் சேர்க்கலாம் என்று விட்டுவிட்டால், நிமிடத்தின் குறியீட்டை (எம் ஐ என்) மில்லி அங்குலம் என்றும், ஒளிச்செறிவின் அலகான கேண்டெலாவை (சி டி) சென்டி நாள் என்றும், அடியை (எஃப் டி) ஃபெம்டோ டன் என்றும் பிரித்துப் படித்துவிட முடியும். மூன்றும் எழுத்தளவில் பொருந்தக்கூடிய பிரிப்புகளே. பொருளளவில் மூன்றும் அபத்தம். அங்குலமும் நாளும் முன்னொட்டு ஏற்காது என்று வகுத்துவிட்டால், இத்தகைய பிரிப்புகளுக்குப் பெரும்பாலும் இடமில்லாமல் போகிறது. ஆங்கிலப் பன்மை வடிவங்களுக்கும் தனி அட்டவணை உண்டு. தமிழில் ஒரு மீட்டர், ஐந்து மீட்டர் என்று பெயர் மாறாமல் நிற்பதால் நமக்கு அந்தத் தொல்லை குறைவு.

ஆனால் இவ்வளவும் எப்போது வேலை செய்யும்? இது அலகு என்று யாராவது அதற்குச் சொல்லியிருக்க வேண்டும். மேத்எம்எல் மொழியில் அதற்கான ஏற்பாடு புதிதல்ல. அலகுகளை ஒரு வகுப்புப் பெயரால் அடையாளமிடலாம் என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2003-இலேயே ஒரு குறிப்பு வெளியிட்டது. இப்போது உருவாகிவரும் மேத்எம்எல் நான்காம் பதிப்பில், ஆசிரியர் தம் கருத்தைத் தெரிவிப்பதற்கென்றே “இன்டென்ட்” என்ற பண்பு வந்திருக்கிறது. அதில் “யூனிட்” என்று குறித்துவிட்டால், அந்த எழுத்து மாறி அல்ல, அலகு என்பது உறுதியாகிவிடும். அடையாளமிடாத எழுத்து, மென்பொருளுக்கு வெறும் எழுத்துதான். அச்சில் மாறிகளைச் சாய்வெழுத்திலும் அலகுகளை நேரெழுத்திலும் போடுவது மரபு என்றாலும், வகைக்கெழுவில் வரும் டி, இயல்மடக்கையின் அடியான இ ஆகியவற்றையும் பலர் நேரெழுத்தில் போடுவதால், எழுத்தின் சாய்வை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

சரிபார்ப்பதற்காக என்னிடம் வந்த ஓர் இயற்பியல் மின்நூலில் இதன் விளைவை நேரில் பார்த்தேன். பொருளின் நிறை 5 கிலோகிராம், அது விழும் உயரம் 20 மீட்டர். நிலையாற்றலைக் கண்டுபிடிக்க வேண்டும். நிறைக்கு எம் என்ற மாறி, உயரத்துக்கு ஹெச். அலகுகள் எவற்றுக்கும் அடையாளம் இடப்படவில்லை. எல்லாமே சாய்வெழுத்தில் மாறிகளாகத்தான் இருந்தன. குரல் சொன்னது: “எம் சமம் ஐந்து கே ஜி, ஹெச் சமம் இருபது எம்.” அந்த நூலைப் படித்துக்கொண்டிருந்த மாணவி என்னிடம் கேட்டது, “உயரம் நிறையைப்போல் இருபது மடங்கா?” கேட்டதை வைத்துப் பார்த்தால், அவள் புரிந்துகொண்டதில் ஒரு தவறும் இல்லை. கோவையில் இருந்ததை மென்பொருள் சரியாகத்தான் வாசித்தது; கோவைதான் பொய் சொன்னது. அலகுகளுக்கு அடையாளமிட்டுத் திருத்திய பிறகு அதே வரி, “எம் சமம் ஐந்து கிலோகிராம், ஹெச் சமம் இருபது மீட்டர்” என்று ஒலித்தது. இந்த ஒரு வரிக்காகவே மேத்கேட்டைப் பரிந்துரைப்பேன்.

மேற்கோமாவின் கதையும் இப்படிப்பட்டதே. எண்ணின் மேல் வலப்புறத்தில் வரும் அந்தச் சிறு கோடு, 40 பாகை 26 என்ற கோணத்துக்குப் பின் வந்தால் கலை, அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்கு. ஓர் உயரத்துக்குப் பின் வந்தால் அடி. சார்பின் பெயருக்குப் பின் வந்தால் வகைக்கெழு. மூன்றுக்கும் யூனிகோடில் ஒரே குறிதான். இதற்கு நேரெதிராக, மைக்ரோ என்ற முன்னொட்டுக்கும் ஓம் என்ற அலகுக்கும் யூனிகோடில் இரண்டிரண்டு குறிகள் இருக்கின்றன: ஒன்று அலகுக்கென்றே உள்ளது, மற்றொன்று கிரேக்க எழுத்து. பாடம் தயாரிப்பவர் எதைத் தட்டியிருப்பார் என்று சொல்ல முடியாது.

கூட்டு அலகுகளில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். திசைவேகத்தின் அலகைச் சிலர் சாய்கோடு போட்டு எழுதுவார்கள். சிலர் வினாடிக்கு மேல் கழித்தல் ஒன்று என்ற அடுக்கு இட்டு எழுதுவார்கள். பொருள் ஒன்றே. ஆனால் “எம் பை எஸ்” என்றும் “எம் எஸ் டு தி பவர் மைனஸ் ஒன்” என்றும் கேட்கும் மாணவருக்கு இவை ஒரே அலகு என்பது உடனே பிடிபடாது. தன்வெப்ப ஏற்புத்திறனின் அலகு இன்னும் சிக்கலானது. ஜூலின் கீழே கிலோகிராமும் கெல்வினும் அடைப்புக்குறிக்குள் பெருக்கலாக நிற்கின்றன. அந்த அடைப்புக்குறியைச் சொல்லாமல் விட்டால் கெல்வின் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்ற ஐயம் வரும். சொன்னால் பேச்சு நீண்டு, அலகு முடிவதற்குள் எண் மறந்துபோகும். பேச்சு எவ்வளவு விரிவாக இருக்க வேண்டும் என்பதைச் சுருக்கம், நடுத்தரம், விரிவு என்று மேத்கேட்டின் அமைப்புகளில் தேர்ந்தெடுக்கலாம். புதிதாகக் கற்பவருக்கு விரிவையும், ஒரே வகைக் கணக்குகளைத் தொடர்ந்து போடுபவருக்குச் சுருக்கத்தையும் வைத்துத் தருவது என் வழக்கம்.

பெயர் சொல்லி வாசிப்பதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. தேர்வில் விடை எழுத வேண்டிய மாணவர், கிலோகிராம் என்று எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தால், அதை எழுதும்போது இரண்டு சிறிய எழுத்துகளா, முதல் எழுத்து பெரியதா என்று எப்படி அறிவார்? கேட்பவருக்கு அலகின் பெயரும் வேண்டும், எழுத்துவடிவமும் வேண்டும். என்விடிஏயில் ஆல்ட், என்விடிஏ, எம் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்திக் கோவைக்குள் நுழைந்து, நகரும் முறையை எழுத்து என்ற நிலைக்கு மாற்றிக்கொண்டால் ஒவ்வொரு குறியிலும் தனித்தனியே நிற்கலாம். பிரெய்ல் காட்சிப்பலகை வைத்திருப்பவருக்கு இன்னும் எளிது: காதில் பெயரைக் கேட்கும்போதே விரலுக்கடியில் குறியீடு, பெரிய எழுத்துக்கான அடையாளப் புள்ளிகளோடு, அப்படியே இருக்கும். பேச்சும் பிரெய்லும் சேர்ந்து கிடைக்கும் இடத்தில்தான் இந்த மென்பொருளின் முழுப் பயனும் தெரிகிறது.

மேத்கேட்டின் கை எட்டாத இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பாடம் தயாரிப்பவர்கள் பலர் எண்ணை மட்டும் கோவைக்குள் வைத்துவிட்டு, அலகை வெளியே சாதாரண உரையில் தட்டிவிடுகிறார்கள். அப்போது எண்ணை மேத்கேட் வாசிக்கும். அலகைக் குரல் தொகுப்பான் தன் போக்கில் வாசிக்கும். ஒரே பத்தியில் கோவைக்குள் வந்த மீட்டர் “மீட்டர்” என்றும், வெளியே வந்த மீட்டர் “எம்” என்றும் ஒலிக்கும். தமிழ் உரையில் கி.மீ., செ.மீ. என்று புள்ளி வைத்து எழுதினால், குரல் அந்தப் புள்ளியில் வாக்கியம் முடிந்ததாக எண்ணி நின்றுவிடவும் கூடும். இதற்கு மேத்கேட்டைக் குறை சொல்ல முடியாது; அதன் பார்வைக்கே வராத பகுதி அது. எண்ணையும் அலகையும் ஒரே கோவைக்குள் வையுங்கள், இல்லையென்றால் உரையில் அலகின் பெயரை முழுமையாக எழுதுங்கள் என்பதே நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது. கணித ஆவணங்களுக்கான லேடெக்ஸ் குறிமொழியில் எழுதுபவர்கள், அலகுகளுக்கென்றே உள்ள எஸ்ஐயூனிட்எக்ஸ் தொகுப்பைப் பயன்படுத்தினால், மூலக்கோப்பிலேயே அலகு எது, எண் எது என்பது பிரிந்து நிற்கும். ஆனால் மேத்எம்எல் ஆக மாற்றும்போது அந்தத் தகவல் உதிர்ந்துபோகிறதா என்று மாற்றும் கருவியைத் தனியே சோதிக்க வேண்டும்.

குறை என்று பார்த்தால், அமைப்புகள் மிகுதி. பேச்சு நடை, விரிவு, நகரும் முறை, பிரெய்ல் குறியீட்டு முறை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் தேர்வுகளைப் பதினான்கு வயது மாணவர் தனியாக அமைத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆசிரியர் ஒருவர் உடனிருந்து முதல் முறை அமைத்துத் தர வேண்டியிருக்கும்.

பேச்சு விதிகள் மென்பொருளின் நிரலுக்குள் புதைந்திராமல், மொழிவாரியாகத் தனிக் கோப்புகளில், படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய யாமல் வடிவில் இருக்கின்றன. அலகுகளின் பெயர்ப் பட்டியலை நிரல் எழுதத் தெரியாத அறிவியல் ஆசிரியரும் திறந்து திருத்த முடியும். தமிழுக்கு விதிகள் எழுதுபவர்கள் பெயர்களைவிட அவற்றின் வரிசையைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கும். தமிழ்ப் பேச்சில் “வினாடிக்கு ஐந்து மீட்டர்” என்று கீழே உள்ள அலகு முதலில் வருகிறது; தாளில் எண்ணும் மீட்டரும் முதலில் வருகின்றன. விதிகளில் வரிசையை மாற்றிச் சொல்ல வழி இருக்கிறது. இருந்தாலும், கணக்கைத் தாமே எழுதிப் பார்க்கும் மாணவருக்குத் தாளில் உள்ள வரிசையிலேயே “ஐந்து மீட்டர் பெர் செகண்ட்” என்று ஒலிப்பது நல்லது. வாசித்துச் செல்லும் பாடத்துக்கு “வினாடிக்கு ஐந்து மீட்டர்” போதும். ஒரே நடைக்குள் இரண்டையும் திணிக்காமல், இரண்டு பேச்சு நடைகளாகப் பிரித்து எழுதுவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.