குழாயா, தண்டவாளமா, மின்கம்பியா? ஜார்ஜியா - ஆர்மீனியா உறவுக்கு மூன்று வழிகள்

ஆர்மீனியாவின் நான்கு எல்லைகளில் இரண்டு முப்பது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கின்றன. மேற்கே துருக்கி 1993-ல் கதவை அடைத்தது. கிழக்கே அஜர்பைஜானுடனான எல்லை, கராபக் பகுதிக்காக இருவரும் மோதிய போரோடு மூடிக்கொண்டது. மிச்சம் இருப்பவை தெற்கே ஈரான், வடக்கே ஜார்ஜியா. ஈரானைப் பொருளாதாரத் தடைகள் சூழ்ந்திருப்பதால், ஆர்மீனியத் தலைநகர் யெரெவானிலிருந்து புறப்படும் ஒரு சரக்குப் பெட்டி கடலைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் ஜார்ஜியாவின் போத்தி அல்லது பாத்தூமி துறைமுகத்துக்குத்தான் போகவேண்டும்.

ஜார்ஜியாவுக்கோ அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. கருங்கடல் அதன் வாசலில் இருக்கிறது. அஜர்பைஜானின் எண்ணெயும் எரிவாயுவும் அதன் நிலத்தைக் கடந்துதான் துருக்கிக்குப் போகின்றன. பாகூ - திபிலீசி - ஜெய்ஹான் எண்ணெய்க் குழாயும் (2006), பாகூ - திபிலீசி - கார்ஸ் ரயில் பாதையும் (2017) ஆர்மீனியாவைச் சுற்றிக்கொண்டு ஜார்ஜியா வழியாகப் போடப்பட்டவை. ஆர்மீனியாவுக்கு இந்தப் பாதை வாழ்வாதாரம், ஜார்ஜியாவுக்கோ ஆர்மீனியா பல வாடிக்கையாளர்களில் ஒருவர். 2024 ஜனவரியில் இரு அரசுகளும் வியூகக் கூட்டாண்மை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோதும் இந்த ஏற்றத்தாழ்வு அப்படியேதான் இருந்தது. எனவே இருவரையும் இணைக்கும் குழாய், தண்டவாளம், மின்கம்பி ஆகிய மூன்றில் எது பெரியது என்று பார்ப்பதைவிட, எது இந்தச் சமமின்மையைக் கொஞ்சமாவது குறைக்கும் என்று பார்ப்பதே பயனுள்ளது.

முதலில் எரிவாயுக் குழாய். சோவியத் காலத்தில் அமைந்த வடக்கு - தெற்கு குழாய் ரஷ்யாவின் மோஸ்தோக்கிலிருந்து காக்கசஸ் மலையைத் தாண்டி, ஜார்ஜியாவைக் கடந்து ஆர்மீனியாவுக்கு வருகிறது. ஆர்மீனியாவில் அடுப்பு, வெப்பமூட்டி, அனல்மின் நிலையம், தெருவில் ஓடும் கார்கள் பல என எல்லாமே அந்த வாயுவை நம்பி இருக்கின்றன. இதில் ஜார்ஜியாவின் பங்கு வழிவிடுவது மட்டும்தான். முன்பெல்லாம் கடந்து போகும் வாயுவில் 10 சதவீதத்தைக் கட்டணமாக எடுத்துக்கொண்டது. 2017-ல் ரஷ்யாவின் காஸ்புரோம் நிறுவனம் இதைப் பணமாக மாற்றியது. அப்போது ஜார்ஜியத் தலைநகர் திபிலீசியில் எழுந்த எதிர்ப்பு சின்னதல்ல.

இந்த உறவில் பேரம் பேசுபவர்கள் மாஸ்கோவும் திபிலீசியும், பின்பு மாஸ்கோவும் யெரெவானும். ஜார்ஜியாவும் ஆர்மீனியாவும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச அதில் அநேகமாக எதுவும் இல்லை. ஆர்மீனியாவின் எரிவாயு வினியோக நிறுவனம் 2014 முதல் முழுக்கக் காஸ்புரோமின் கையில் இருக்கிறது. குழாய் அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2006 ஜனவரி 22 காட்டியது. ரஷ்யாவின் வடக்கு ஒசேத்தியாவில் நடந்த வெடிப்புகளில் குழாய் உடைந்தது. கடுங்குளிரில் இரு நாடுகளுக்கும் வாயு நின்றது. அதன் பிறகு ஜார்ஜியா அஜர்பைஜான் பக்கம் சாய்ந்து தன்னை ஓரளவு விடுவித்துக்கொண்டது. ஆர்மீனியா 2007-ல் ஈரானிலிருந்து ஒரு குழாயைத் திறந்தது. ஒரு கன மீட்டர் வாயுவுக்கு மூன்று யூனிட் மின்சாரம் என்ற பண்டமாற்று அது. ஆக, ஒரே குழாயில் கோக்கப்பட்டிருந்த இருவரும் தத்தம் வழியில் பிரிந்து போனார்கள். குழாய் உயிர் காக்கும், நட்பை வளர்க்காது.

அடுத்தது தண்டவாளமும் சாலையும். பணம் இன்று இங்கேதான் புரள்கிறது, அதை மறுக்க முடியாது. சாதாக்லோ - பக்ரதாஷென் எல்லைச் சாவடியில் நிற்கும் லாரி வரிசை எந்த ஒப்பந்தத்தையும்விட உண்மையானது. ஜார்ஜியாவிலிருந்து ஆர்மீனியா வாங்கிய பொருட்களில் பழைய கார்களுக்கு நெடுங்காலம் பெரிய இடம் இருந்தது. அமெரிக்காவில் ஓடித் தேய்ந்த கார்கள் ருஸ்தாவிச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து தெற்கே போகும். இதை ஜார்ஜியாவின் தொழில்வளம் என்று சொல்ல முடியுமா என்பது வேறு கேள்வி.

ஆனால் சாலைக்கும் ரயிலுக்கும் மலையும் போரும் எதிரிகள். ரஷ்யாவுக்குப் போகும் மேல் லார்ஸ் கணவாய் குளிர்காலப் பனியில் மூடும், மழைக்கால மண்சரிவில் மூடும், அரசியல் காரணத்தாலும் மூடும். 2006 முதல் 2010 வரை அப்படித்தான் மூடியிருந்தது. 2008 ஆகஸ்டில் ரஷ்யாவும் ஜார்ஜியாவும் போரிட்டபோது ஜார்ஜியாவின் காஸ்பி அருகே ஒரு ரயில் பாலம் தகர்க்கப்பட்டது. அந்தப் போரில் சேராத ஆர்மீனியாவில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. 2011-ல் இன்னும் விநோதம்: ஜார்ஜியாவில் செப்புக்கம்பி தேடி மண்ணைத் தோண்டிய ஒரு மூதாட்டியின் மண்வெட்டி பட்டு ஒளியிழை வடம் அறுந்தது. ஆர்மீனியாவின் பெரும்பகுதியில் பல மணி நேரம் இணையம் இல்லை.

இவற்றோடு உரிமைச் சிக்கலும் உண்டு. ஆர்மீனியாவின் ரயில்வேயை 2008 முதல் 30 ஆண்டுக் குத்தகையில் ரஷ்ய ரயில்வேயின் துணை நிறுவனம் நடத்துகிறது. சுங்க விதிகளும் ஒத்துப்போகவில்லை. ஆர்மீனியா 2015 முதல் மாஸ்கோ தலைமையிலான யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் இருக்கிறது. ஜார்ஜியா ஐரோப்பிய ஒன்றியத்தோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வைத்திருக்கிறது. மனநிலையோ இப்போது தலைகீழ்: ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினர் பேச்சை 2028 வரை தள்ளிவைப்பதாக 2024 நவம்பரில் அறிவித்தது ஜார்ஜியா. சில மாதங்களில் ஐரோப்பாவில் சேரும் முயற்சியைத் தொடங்கச் சட்டம் இயற்றியது ஆர்மீனியா.

மூன்றாவது மின்கம்பி. என் வாக்கு இதற்குத்தான், காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

ஜார்ஜியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம். 271.5 மீட்டர் உயர வளைவு அணையோடு நிற்கும் 1,300 மெகாவாட் எங்குரி நிலையம் அதன் முதுகெலும்பு. (அணை திபிலீசியின் கட்டுப்பாட்டில், மின்னாக்கிகள் பிரிந்து நிற்கும் அப்காசியாவில். போரிட்டவர்கள்கூட மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.) பனி உருகும் வசந்தத்தில் தண்ணீர் பெருகி மின்சாரம் மிஞ்சும், குளிர்காலத்தில் பற்றாக்குறை. ஆர்மீனியாவில் மெட்சமோர் அணு உலை, எரிவாயு நிலையங்கள், சிறுசிறு நீர்மின் நிலையங்கள், இப்போது வேகமாகப் பெருகும் சூரிய மின்தகடுகள். அணு உலை பராமரிப்புக்காக நிறுத்தப்படும் வாரங்களில் அங்கே கை நீளும். ஒருவரின் குறை காலத்தில் மற்றவர் உதவலாம். வாங்குபவரும் விற்பவரும் மாறி மாறி வருவார்கள். வாயுக் குழாயில் இது நடக்காது.

அப்படியானால் ஏன் இன்னும் பெரிதாக நடக்கவில்லை? இரு நாடுகளுக்கும் இடையே 220 கிலோவோல்ட் மின்தடம் ஒன்று உண்டு. ஆனால் ஆர்மீனியாவின் மின்கட்டமைப்பு ஈரானோடு இணைந்து துடிக்கிறது. ஜார்ஜியாவினுடையது ரஷ்யாவோடும் அஜர்பைஜானோடும். இரண்டும் 50 ஹெர்ட்ஸ்தான், ஆனால் தாளம் ஒன்றாக இல்லை. நேரடியாக இணைத்தால் விபரீதம். அதனால் ஒரு பகுதியைத் தன் கட்டமைப்பிலிருந்து கழற்றி அடுத்தவர் பக்கம் மாட்டிவிடும் 'தீவு முறை'யில்தான் பரிமாற்றம். அளவும் குறைவு, சிரமமும் அதிகம்.

தீர்வு தெரிந்ததே. மாறுதிசை மின்சாரத்தை ஒரே கட்டடத்துக்குள் நேர்திசையாக்கி, மறுபடி மாறுதிசையாக்கி அனுப்பும் நிலையம். இடையில் நேர்திசை இருப்பதால் இரு பக்கத் தாளமும் ஒத்திருக்க வேண்டியதில்லை. ஜார்ஜியா 2013-லேயே துருக்கிக்காக அகல்சிகேயில் 700 மெகாவாட் திறனில் இதை அமைத்துவிட்டது. ஆர்மீனிய எல்லையில் அய்ரூம் என்ற ஊரில் முதல் கட்டமாக 350 மெகாவாட் நிலையம், கூடவே 400 கிலோவோல்ட் தடம் என்று ஜெர்மன் வளர்ச்சி வங்கிக் கடனோடு திட்டமிட்டார்கள். காலக்கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. தெற்கே ஈரானுக்கான மூன்றாவது மின்தடமும் அதே கதைதான்.

இங்கே ஒரு நேர்மையான ஆட்சேபம் உண்டு. மே மாதத்தில் இருவரிடமும் ஒரே நேரத்தில் மின்சாரம் மிஞ்சலாம். பனிநீரும் வெயிலும் சேர்ந்தே வருகின்றன. இருவருக்குள் மட்டும் கைமாற்றினால் லாபம் சொற்பம். கோடையில் குளிரூட்டிகளால் திணறும் ஈரானும், அகல்சிகேக்கு அப்பால் துருக்கியும் இரு முனையிலும் நின்றால்தான் அய்ரூம் நிலையம் தன் செலவை ஈட்டும். அப்போது மறுபடியும் பெரியவர்களின் நிழல் விழும். ஆனாலும் குழாயைவிட இது மேல், ஏனென்றால் விசை இரு சிறிய நாடுகளின் கட்டுப்பாட்டு அறைகளில் இருக்கும்.

காலமும் காத்திருக்கவில்லை. 2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் தெற்கு ஆர்மீனியா வழியான புதிய பாதைக்கு இசைந்தன. அதே ஆண்டு நவம்பரில் கஜகஸ்தான் கோதுமை அஜர்பைஜானைக் கடந்து ரயிலில் ஆர்மீனியா வந்தது. இன்னும் ஜார்ஜியா வழியாகத்தான் வந்தது என்பது வேறு. கிழக்கு எல்லையும் மேற்கு எல்லையும் உண்மையில் திறந்தால் போத்தியும் லார்ஸும் ஆர்மீனியாவுக்குப் பல வழிகளில் ஒன்றாகிவிடும். சரக்குக் கட்டணத்தை நம்பித் தெற்கு அண்டை வீட்டாரைக் கணக்கில் எழுதிவைத்திருக்கும் திபிலீசி, தண்டவாளக் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிட அய்ரூம் கம்பியின் மறுமுனையைத் தன் பக்கத்தில் கட்டி முடிப்பதில் அவசரம் காட்டவேண்டும்.