கால்வெஸ்டனா, மயாமியா? சீஸ்கேப் டெக்சஸுக்கு வந்த பிறகு ஒரு கணக்கு

மயாமியிலிருந்து கரீபியன் பயணங்கள் போய்க்கொண்டிருந்த 'எம்எஸ்சி சீஸ்கேப்' என்ற பெரிய சொகுசுக் கப்பல், 2025 நவம்பரில் டெக்சஸின் கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு இடம் மாறியது. அங்கே பதினாறாம் எண் முனையத்தையும் அந்தச் சமயத்தில் புதிதாகத் திறந்தார்கள். ஹூஸ்டன் பக்கம் வசிக்கும் எங்களுக்கு இதனால் நல்லதொரு குழப்பம் உண்டானது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் கப்பலில் போவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எந்தக் கப்பல் என்பதில்தான் இழுபறி. அதே எம்எஸ்சி நிறுவனத்தின் 'வேர்ல்ட் அமெரிக்கா' 2025 ஏப்ரலிலிருந்து மயாமியில் ஓடுகிறது; சீஸ்கேப்பைவிடப் புதியது, பெரியது. சீஸ்கேப்போ வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நாங்கள் கால்வெஸ்டனைத் தேர்ந்தெடுத்துப் போய்வந்தோம். ஆகவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே. வேர்ல்ட் அமெரிக்காவில் நான் ஏறியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் கப்பலில் மயாமியிலிருந்து போயிருக்கிறேன்; மயாமி பற்றி இங்கே எழுதுவது அந்த அனுபவத்தை வைத்துத்தான்.

கப்பல்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மயாமிக்குத்தான் வெற்றி. சீஸ்கேப் சுமார் 1,70,000 டன். வேர்ல்ட் அமெரிக்கா 2,16,000 டன்னுக்கும் மேல். நீளத்தில் சீஸ்கேப்தான் சற்று கூடுதல், 339 மீட்டர், மற்றது 333. ஆனால் வேர்ல்ட் அமெரிக்கா அகலத்திலும் உயரத்திலும் பெருத்த கப்பல். பதினொரு தளங்கள் வழியாக இறங்கும் சறுக்கு, கடலுக்கு மேலே ஆளை வீசும் ஊஞ்சல் என்று பிள்ளைகளை இழுக்கும் சமாச்சாரங்கள் அதில் அதிகம். சீஸ்கேப்பில் அதற்கு ஈடாக ஒரு ராட்சத ரோபோ கை இருக்கிறது. அதன் நுனியில் உள்ள இருக்கையில் உட்காரவைத்துச் சுழற்றி எடுக்கிறது. என் மகனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சாப்பாடு, பானத் திட்டம், டிப்ஸ் எல்லாம் ஒரே நிறுவனத்தின் வழக்கம் என்பதால் பெரிய வேறுபாடு இருக்கும் என்று தோன்றவில்லை. சைவம் சாப்பிடுபவர்கள் முதல் நாள் இரவே தலைமைப் பணியாளரிடம் சொல்லிவைப்பது நல்லது. நாங்கள் சொன்னோம், மறுநாளிலிருந்து அம்மாவுக்குச் சோறும் பருப்பும் தயிரும் தவறாமல் வந்தன.

இனி வழித்தடம். என் முடிவு உருவாகத் தொடங்கியது இங்கேதான். சீஸ்கேப் ஞாயிறுதோறும் கால்வெஸ்டனில் புறப்பட்டு மெக்சிகோவின் கோஸ்டா மாயா, கோசுமெல், ஹோண்டுராஸின் ரோவாட்டான் தீவு ஆகியவற்றைத் தொட்டுவிட்டு அடுத்த ஞாயிறு திரும்புகிறது. வேர்ல்ட் அமெரிக்கா சனிக்கிழமைகளில் கிளம்புகிறது. ஒரு வாரம் கிழக்கே, மறுவாரம் மேற்கே. மேற்கு வழித்தடத்தில் அது எங்கே போகிறது என்று பார்த்தால் அதே கோஸ்டா மாயா, அதே கோசுமெல், அதே ரோவாட்டான். கூடுதலாக பஹாமாஸில் நிறுவனம் தன் பயணிகளுக்காக நடத்தும் 'ஓஷன் கே' தீவு. நாங்கள் யோசித்த வாரத்தில் மயாமியிலிருந்து மேற்குப் பயணம்தான் இருந்தது. அதாவது விமானம் ஏறி மயாமி போய், அங்கிருந்து கப்பல் ஏறி, கால்வெஸ்டன் கப்பல் நிற்கும் அதே ஊர்களில் போய் இறங்கவேண்டும்.

கால்வெஸ்டன் கப்பல்களுக்கு இதைவிட்டால் வேறு வழி அதிகமில்லை. 1886-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று அமெரிக்காவில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது: வெளிநாட்டுக் கொடியோடு ஓடும் கப்பல் (இவை இரண்டும் மால்டா கொடிக் கப்பல்கள்) அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றிச் சுற்றிக்காட்டித் திரும்ப இறக்கவேண்டுமானால், நடுவில் வேற்று நாட்டுத் துறைமுகம் ஒன்றையாவது தொட்டாகவேண்டும். மயாமிக்கு பஹாமாஸ் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கால்வெஸ்டனோ வளைகுடாவின் வடமேற்கு மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. மெக்சிகோவின் யுகடான் கரைக்கு வரவே ஒரு முழு நாளுக்கு மேல் கடலில் ஓடவேண்டும். ஏழு இரவுப் பயணத்தில் முழு நாள்கள் ஆறு. சீஸ்கேப்பில் மூன்று நாள் கரை, மூன்று நாள் கடல். வேர்ல்ட் அமெரிக்காவின் மேற்குப் பயணத்தில் நான்கு நாள் கரை, இரண்டு நாள் கடல். கடல் நாள் என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியும். என் அப்பாவுக்கு முழங்கால் வலி. ஒரு நாள் அலைந்தால் மறுநாள் படுக்கவேண்டும். எங்கள் குடும்பத்துக்குக் கடல் நாள்கள் வரமாக அமைந்தன.

இனி, எங்களை முடிவெடுக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன்: வீட்டு வாசலிலிருந்து கப்பலின் வாசல் வரை உள்ள வழி.

கப்பல் கட்டணத்தைப் பலரும் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள். கப்பலுக்கு வெளியே ஆகும் செலவையும் நேரத்தையும் 'அது எப்போதும் ஆவதுதானே' என்று விட்டுவிடுகிறார்கள். மயாமிக்கு ஹூஸ்டனிலிருந்து நேரடி விமானம் இரண்டரை மணி நேரம், கேட்கச் சுலபம். ஆனால் கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ ஒரு வாரப் பயணமே போய்விடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் முந்தைய நாளே போய் இறங்குவார்கள். சனிக்கிழமை கப்பலுக்கு வெள்ளிக்கிழமை விமானம். அப்படியானால் ஆறு பேருக்கு விமான டிக்கெட், ஒரு இரவுக்கு இரண்டு ஓட்டல் அறை, விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்கும் ஓட்டலிலிருந்து துறைமுகத்துக்கும் இரண்டு வண்டி, திரும்பும் நாளில் இன்னொரு வண்டி, பெட்டிக் கட்டணம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, கால்வெஸ்டன் கப்பலில் இன்னொரு ஜன்னலில்லாத கேபினே எடுத்துவிடலாம் போலிருந்தது. கால்வெஸ்டனுக்கு ஆன செலவு பெட்ரோலும் ஒரு வார வண்டி நிறுத்தக் கட்டணமும்தான். அந்த வண்டி நிறுத்தக் கட்டணமும் குறைவில்லை. முன்பதிவு செய்துகொள்ளுங்கள், முனையத்தின் கட்டடத்திலேயே இடம் கிடைத்தால் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடக்கும் தூரம் குறையும்.

பணத்தைவிட விடுப்புக் கணக்குதான் என்னை அசைத்தது. ஞாயிறு முதல் ஞாயிறு வரை என்றால் அலுவலகத்தில் ஐந்து நாள் விடுப்பு போதும். சனிக்கிழமை நிதானமாகப் பெட்டி கட்டலாம். மயாமிக்கு வெள்ளியும் சேர்ந்து ஆறு நாள், பிள்ளைகளுக்கும் ஒரு நாள் பள்ளி போகும்.

அதற்கும் மேலே வயதானவர்களின் வசதி. முந்தைய மயாமிப் பயணத்தில் எங்கள் பெட்டி ஒன்று விமானத்தில் தவறிப்போய், கப்பல் கிளம்பிய பிறகுதான் மயாமிக்கு வந்து சேர்ந்தது. அதில் துணிமணிதான் இருந்தது. அப்பாவின் இன்சுலின் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற நினைப்பு இன்றுவரை போகவில்லை. இந்த முறை மருந்துப் பெட்டி அம்மாவின் மடியிலேயே வந்தது. நடைச்சட்டத்தை மடக்கிப் பின்னால் போட்டோம். பேர்லேண்டு மீனாட்சி கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, ஐ-45 சாலையைப் பிடித்துப் பாலத்தைத் தாண்டினோம். மதியச் சாப்பாடு கப்பலில். விமான நிலையச் சோதனை வரிசை அலைச்சல் எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்ததால் அப்பா அன்று மாலை மேல்தளத்தில் நடக்கும் தெம்போடு இருந்தார். முன்பு மயாமியில் அவர் முதல் இரண்டு நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

கால்வெஸ்டனின் குறைகளையும் மறைக்கக் கூடாது. முதலாவது மூடுபனி. குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும், குளிர்ந்த கரையோர நீரின் மேல் ஈரமான வெதுவெதுப்பான காற்று வீசும்போது துறைமுகக் கால்வாயில் பனி இறங்கிக் கண் மறைத்துவிடும். அப்போது கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட்டுகள் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். உள்ளே வரவேண்டிய கப்பல் மணிக்கணக்கில் வெளியே நிற்கும். ஏறவேண்டியவர்கள் கரையில் நிற்பார்கள். எங்களுக்கு அப்படி நேரவில்லை. நேர்ந்திருந்தாலும் காரில் வந்தவர்களுக்கு அது சில மணி நேரத் தாமதம் மட்டுமே. விமானம் பிடிக்கவேண்டியவர்களுக்குத்தான் நெருப்பு. வெளியூரிலிருந்து விமானத்தில் வந்து கால்வெஸ்டன் கப்பலில் ஏறத் திட்டமிடுபவர்கள் இதை நன்றாக யோசிக்கவேண்டும். விமான நிலையத்திலிருந்து கால்வெஸ்டன் தூரமும் சில்லறை இல்லை. ஹாபி விமான நிலையம் கொஞ்சம் பக்கம், பெரிய விமான நிலையமான 'புஷ்' ஹூஸ்டனுக்கு வடக்கே இருக்கிறது.

இரண்டாவது குளிர். சீஸ்கேப் வெயிலுக்கென்று வடிவமைத்த கப்பல்; அதன் அழகே திறந்த தளங்களும் கடலோரம் நீளும் நடைபாதையும்தான். ஜனவரியில் வடக்கத்திக் குளிர்காற்று இறங்கினால் முதல் நாளும் கடைசி நாளும் அந்தத் தளங்களில் ஸ்வெட்டரோடுதான் உட்காரமுடியும். கப்பலும் சற்று ஆடும். மயாமியில் ஏறினால் அன்று மாலையே நீச்சல்குளத்தில் இறங்கலாம்.

மூன்றாவது ஓஷன் கே. மணல் தோண்டி எடுக்கும் இடமாக இருந்த தீவைச் சீரமைத்து 2019 டிசம்பரில் பயணிகளுக்குத் திறந்தார்கள். கப்பல் தீவை ஒட்டியே நிற்பதால் இறங்கி நடந்தால் கடற்கரை. போய்வந்த நண்பர்கள் பேச்சை எடுத்தாலே அதைத்தான் புகழ்கிறார்கள். நான் போகாத இடம். அவர்கள் வார்த்தையை நம்புகிறேன். கால்வெஸ்டன் வழித்தடத்தில் அதற்கு நிகராக எதுவும் இல்லை. கோசுமெலின் பவளப்பாறைகளும், கோஸ்டா மாயாவிலிருந்து போகக்கூடிய சாக்சோபன் மாயர் கோயில்களும் வேறு வகைச் சுகம். அப்பா கோயில் படிக்கட்டுகளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வெகு நேரம் நின்றார்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் மட்டும் முப்பது நாளுக்குள் போய்த் திரும்பச் சலுகை உண்டு. பஹாமாஸும் ஹோண்டுராஸும் உங்களுக்கு அதில் சேராது. ஆகவே நான் ஒப்பிட்ட இரண்டு கப்பலுமே அவர்களுக்கு ஆகாது. கால்வெஸ்டனிலிருந்து மெக்சிகோ மட்டும் போய்வரும் நான்கைந்து நாள் கப்பல்களைப் பார்க்கலாம். எதற்கும் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஹூஸ்டன், ஆஸ்டின், சான் ஆன்டோனியோ, ஏன் டல்லஸ்காரர்கள்கூட, பெரியவர்களை அழைத்துப்போவதானால் சீஸ்கேப்பையே சொல்வேன். பதின்ம வயதுப் பிள்ளைகள் மட்டும் உள்ள குடும்பம், அல்லது சிகாகோ, நியூ ஜெர்சி போல எப்படியும் விமானம் ஏறியே தீரவேண்டிய ஊர் என்றால் மயாமிக்குப் போங்கள்; அதிலும் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் தொடும் கிழக்குப் பயண வாரமாகப் பார்த்து எடுங்கள், கால்வெஸ்டனில் கிடைக்காத ஊர்கள் அவை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். அந்த மாதங்களில் நான் இரண்டு துறைமுகத்திலிருந்தும் போனதில்லை. கோடை விடுமுறைக்குப் பதிவு செய்பவர்கள் அந்தப் பருவத்தில் போய்வந்தவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.